வெறும் பாரைத் தூக்கினாலே இடுப்பு வலிக்கிறது, என்ன தப்பு?

ஜிம்மில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, டெட்லிஃப்ட் (தரையிலிருக்கும் இரும்புப் பாரைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிரும் பயிற்சி) செய்தால், வெறும் பாருக்கே கீழ்முதுகு பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குப் பலம் போதவில்லை என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் சிக்கல் பாரின் உயரத்தில்தான் இருக்கும்.

பாரின் முனைகளில் மாட்டும் எடைத் தட்டுகளில், போட்டிக்கான பெரிய தட்டின் விட்டம் 45 செ.மீ. அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில், முழங்காலுக்குக் கீழே நிற்கும். வெறும் பாரோ சின்னத் தட்டோ என்றால் கணுக்கால் வரை குனிய வேண்டும், முதுகு வளைந்துவிடும். அதனால் இரண்டு பக்கமும் தரையில் தட்டுகளை அடுக்கி, அவற்றின் மேல் பாரை உயர்த்தி வையுங்கள்.

பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, காலெலும்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி இருக்கட்டும். வயிறு நிறைய மூச்சிழுத்து இறுக்கி, தரையைக் காலால் அழுத்தி எழுங்கள். பார் காலை உரசியே மேலே வர வேண்டும். முன்னால் விலகினால் சுமை முழுவதும் இடுப்புக்குப் போகும். மெத்தென்ற ஓட்ட ஷூ வேண்டாம், வெறுங்காலே மேல்.

ஐந்து முறை வீதம் மூன்று செட், வாரம் இருமுறை. நிலை கெடாமல் முடித்தால் மட்டும் 2.5 கிலோ கூட்டுங்கள்.

ஜிம்மில் கிடக்கும் பார் வழக்கமாக 20 கிலோ. பெண்களுக்கான 15 கிலோ பார் 25 மி.மீ. தடிமன்தான், சின்னக் கைக்கு நன்றாக அடங்கும், கேட்டுப் பாருங்கள். வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.