அக்காவுக்குக் காலில் ரத்தக்கட்டி; நான் மாத்திரையைத் தொடரலாமா?

"வயது 32. மாதவிடாய் சீராக வர 4 மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். என் அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு காலில் ரத்தம் உறைந்து சிகிச்சை எடுத்தார். எனக்கு ரத்தம் உறையும் நேரம் பார்த்ததில் நார்மல். கூடவே ஆஸ்பிரின் போட்டுக்கொண்டு தொடரலாமா?"

ஆஸ்பிரின் வேண்டாம். முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் 'எத்தினில் எஸ்ட்ராடயால் 0.03 மி.கி.' என்பதுபோல் இருந்தால், பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

உடலில் இயல்பாகச் சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரல் சீக்கிரம் சிதைத்துவிடும். அதன் செயற்கை வடிவமான எத்தினில் எஸ்ட்ராடயால் அவ்வளவு எளிதில் சிதையாது. தோலில் ஒட்டும் பேட்ச்சாகப் போட்டாலும் இதே கதைதான். கல்லீரலைத் தூண்டி, ஃபைப்ரினோஜன் போன்ற உறையவைக்கும் புரதங்களைக் கூட்டும். உறைதலுக்குக் கடிவாளம் போடும் புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் இரண்டையும் குறைக்கும். ஆஸ்பிரினோ தட்டணுக்களைத்தான் அடக்கும். அதனால் இந்த மாற்றத்தை அது ஈடுகட்டாது.

பயம் எவ்வளவு? மாத்திரை சாப்பிடாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்குச் சிரைகளில் ரத்தக்கட்டி வரும். ஈஸ்ட்ரோஜனுடன் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்ட்டின் வகை ஹார்மோன் கலந்த மாத்திரையில் 5 முதல் 7 பேர். ட்ரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரல் போன்ற வேறு புரோஜெஸ்ட்டின்கள் கலந்தவற்றில் 9 முதல் 12 பேர். பெரும்பாலோருக்கு இது சின்ன எண்தான். ஆனால் கூடப்பிறந்தவருக்கு, அதுவும் 45 வயதுக்குள், வந்திருந்தால் கணக்கு மாறும். ஆபத்து அதிகம் இருப்பதும் முதல் ஆண்டில்தான்.

நார்மல் ரிப்போர்ட்டை நம்பி இருக்காதீர்கள். உறையும் நேரச் சோதனையில் பரம்பரைக் குறைபாடுகள் பெரும்பாலும் தெரியாது. மாத்திரை சாப்பிடும்போது புரோட்டீன் எஸ் பார்த்தால் மாத்திரையாலேயே குறைவாகக் காட்டலாம். அப்புறம் வீண் குழப்பம்.

அட்டையுடன் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். அக்காவுக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டுக்கொண்டு போங்கள். நானாக இருந்தால் ஈஸ்ட்ரோஜன் இல்லாத, புரோஜெஸ்ட்டின் மட்டும் உள்ள மாத்திரை அல்லது காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் பற்றித்தான் முதலில் கேட்பேன். கருத்தடைக்கும் இதையே நம்பியிருந்தால், நிறுத்தும் நாள் முதலே ஆணுறை அவசியம்.

இடையில் ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.