கேம்பர் வேனைத் தாழ்த்த எந்த ஸ்பிரிங், எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம்?

40 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போதுமா, 60 எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டில், அலமாரி, பேட்டரி எல்லாம் பொருத்தி முடித்த வேன், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதலில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, வழக்கமாகப் போகிற ஆட்களையும் ஏற்றி எடை போடுங்கள், முன் ஆக்ஸில் (சக்கர அச்சு) தனி, பின் ஆக்ஸில் தனி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் ஸ்பிரிங் தேடியபோது விற்பனையாளர் வேனின் மாடலையும் வருடத்தையும் மட்டும்தான் கேட்டார். அந்த 40 மி.மீ. இறக்கம் காலி வேனுக்கா, என் வேனுக்கா என்று கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்கிறார். எப்படி ஒன்றாகும்? 60 லிட்டர் தண்ணீரே 60 கிலோ. சரக்கு வேன் சாயங்காலம் காலியாகத் திரும்பும், கேம்பர் என்றைக்குமே சுமையோடுதான் ஓடும். உள்வேலை முடிந்தபோதே என் வேனின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தது. அதன் மேல் இன்னும் 40 இறக்கினால் சக்கரம் மேலே எழும்ப இடம் எங்கே இருக்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில்தான், அதாவது சஸ்பென்ஷன் எல்லை தாண்டி அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்தான், உட்காரும். ஆக்ஸில் எடையைக் கேட்டு ஸ்பிரிங் தருகிற வேறொருவரிடம்தான் வாங்கினேன்: முன்னால் 30 இறக்கம், பின்னால் விறைப்பு கூடியது, உயரம் அப்போது இருந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைந்தது. வண்டி மட்டமாக நிற்கிறது, நிறைந்த தொட்டியோடும் அடி தட்டுவதில்லை.

ஷாக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விறைப்பான ஸ்பிரிங் அமுங்கிவிட்டு வேகமாக விரியும், அதை அடக்குவது ஷாக்கின் வேலை. பழைய ஷாக்குக்கு அந்த பலம் இருக்காது, ஒரு மேட்டுக்கு வேன் இரண்டு மூன்று முறை ஆடும். நீளமும் ஒரு விஷயம். ஸ்பிரிங் குட்டையாகி ஷாக் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் முழுக்கத் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் இடத்தில் லூசாகிவிடலாம். ஒரே தயாரிப்பாளர் பொருத்தம் பார்த்துத் தருகிற செட்டாக வாங்குவது நல்லது. ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது வேண்டவே வேண்டாம்.

கேம்பரைத் தாழ்த்துவதே வீண் என்று யாராவது வருவார்கள். உயரமான வண்டியை வளைவிலும் பக்கக்காற்றிலும் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, சாய்வு குறைவது எவ்வளவு நிம்மதி என்று தெரியும். கரடுமுரடான பாதைக்கு நான் சொல்லவில்லை, தார்ச்சாலைக்குச் சொல்கிறேன்.

அப்புறம் வாங்கியவர்கள் ஆன்லைனில் எழுதும் இந்த விமர்சனங்கள். பார்சலைப் பிரித்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டு "சூப்பர் தரம்" என்று எழுதுகிறார்கள். ஸ்பிரிங் மட்டுமில்லை, மிக்ஸி வாங்கினாலும் இதே கதைதான். ஓட்டிப் பார்க்காதவர் எழுதியதை நம்பி இன்னொருவர் காசைக் கொட்டுகிறார், எனக்கு அதைப் பார்த்தால் உண்மையிலேயே கோபம் வருகிறது.

மாட்டும்போது ஒன்று: சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் முழுசாக இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம், முன் கண்ணாடியில் கேமரா இருந்தால் அதன் அளவுத்திருத்தமும்.