கல்லூரி ஃபுட்பால் அணி ஒன்று பெரிய கான்ஃபரன்ஸுக்கு மாறினால் தாக்குப்பிடிக்குமா? ரசிகர்கள் எதை வைத்து வாதாடுகிறார்கள்?

இந்த வாதத்துக்கு நடுவில் ஒரு வருடம் முழுக்க வாழ்ந்திருக்கிறேன். அதனால் அந்த ஒரு அணியை வைத்தே சொல்கிறேன்.

2011 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஊர் பெயர் காலேஜ் ஸ்டேஷன். பெயருக்கேற்ற மாதிரி கல்லூரிதான் ஊர். நான் போய் ஒரு மாதத்துக்குள், பல்கலைக்கழகம் பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டுவிட்டு அடுத்த சீசனிலிருந்து எஸ்இசி-யில் ஆடப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. அதற்கப்புறம் லேப், பஸ், முடிவெட்டும் கடை, எங்கே போனாலும் ஒரே பேச்சுதான்: அங்கே போய்த் தாங்குவோமா?

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தை வைத்து மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பால். கான்ஃபரன்ஸ் என்பது பல்கலைக்கழகங்களின் கூட்டு. வழக்கமான சீசனில் ஒரு அணிக்கு 12 ஆட்டம். அப்போது எஸ்இசி-யில் அதில் 8 ஆட்டம் உள்ளுக்குள்ளேயே. ஆக, கான்ஃபரன்ஸ் மாறினால் வருடா வருடம் யாரோடு மோதுகிறோம் என்பதே மாறிவிடுகிறது. எஸ்இசி என்பது அலபாமா, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்), ஃப்ளோரிடா, ஜார்ஜியா இருக்கிற தெற்கத்திக் கூட்டு. 2006-லிருந்து 2011 வரை ஆறு சீசன் தொடர்ந்து தேசிய சாம்பியன் அங்கிருந்துதான். 2012 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் மோதிய அலபாமா, எல்எஸ்யூ இரண்டுமே எஸ்இசி-யின் மேற்குப் பிரிவு. அந்தப் பிரிவில்தான் எங்கள் அணியையும் போட்டார்கள்.

ஏன் மாறினார்கள்? பெரிய காரணம் மனக்கசப்பு. பக்கத்து ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு ஈஎஸ்பிஎன் நிறுவனம் 20 வருடத்துக்கு 30 கோடி டாலர் கொடுத்துத் தனி டிவி சானலே தொடங்கியது. ஒரே கூட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சானல் என்றால் மற்றவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்?

ஆனால் கிளம்புவதற்குக் கொடுத்த விலை பெரிது. டெக்சாஸோடு 1894-இல் தொடங்கிய மோதல் அறுந்தது. 2011 நவம்பர் 24, தேங்க்ஸ்கிவிங் இரவு, எங்கள் மைதானமான கைல் ஃபீல்டில் அப்போதைக்குக் கடைசி ஆட்டம். மாணவர் பகுதியில் நானும் இருந்தேன். அங்கே ஆட்டம் முடியும்வரை மாணவர்கள் உட்கார மாட்டார்கள். தேவைப்பட்டால் மைதானத்தில் இறங்கத் தயாராக நிற்கும் பன்னிரண்டாவது ஆள் என்பது அவர்களுடைய மரபு. கடைசி நொடியில் டெக்சாஸின் ஜஸ்டின் டக்கர் அடித்த கிக் கம்பங்களுக்கு நடுவே போனது. 27-25. எனக்கு முன்னால் ராணுவப் பயிற்சி மாணவன் ஒருவன், முழங்கால்வரை பழுப்புத் தோல் பூட்ஸ் போட்ட கடைசி வருடப் பையன், அந்த இரும்பு பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தான். யாரும் அவனை எழுப்பவில்லை.

இப்போது வாதங்களுக்கு வருகிறேன்.

"மூழ்கிவிடுவோம்" என்றவர்கள் கையில் வலுவான கணக்கு இருந்தது. பிக் 12-ஐயே 1998-க்குப் பிறகு ஜெயிக்காத அணி எஸ்இசி-யில் என்ன செய்யும்? அந்த வருடமே ஹாஃப் டைம்வரை முன்னால் இருந்துவிட்டு, பின்பாதியில் கோட்டை விடுவது வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஓக்லஹோமா ஸ்டேட்டோடு 20-3 என்று இருந்த ஆட்டம் 30-29 என்று போனது. ஆர்கன்சாஸோடு 35-17 என்று இருந்தது 42-38 என்று போனது. சீசன் முடிவில் கோச் மைக் ஷெர்மன் வேலையை இழந்தார். பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ரயன் டேனஹில், தொழில்முறை அணியான மியாமி டால்ஃபின்ஸுக்குப் போய்விட்டார். வருகிற கோச் கெவின் சம்லின் புதுசு, பந்தை எடுத்து ஆடப் போகிற பையனும் புதுசு.

"ஜெயிப்போம்" என்றவர்களின் வாதம் ஆள் சேர்ப்பு பற்றியது. டெக்சாஸ் மாநிலம் ஃபுட்பால் பையன்கள் விளைகிற மண். அவர்களில் எஸ்இசி-யில் ஆட ஆசைப்படுகிறவன் அதுவரை லூசியானாவுக்கோ அலபாமாவுக்கோ போக வேண்டும். இனி அம்மா சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிற தூரத்திலேயே ஆடலாம். இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை, நடந்தது. ஆர்லிங்டன் ஊர்ப் பையன் மைல்ஸ் காரெட் 2014-இல் இங்கே வந்து சேர்ந்தார், தொழில்முறை லீக்கான என்எஃப்எல் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2017-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.

எங்கள் லேபில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். அறுபதைத் தாண்டியவர், அங்கேயே படித்தவர், பல்கலைக்கழக மோதிரத்தைக் கழற்றியே பார்த்ததில்லை. இரண்டு கட்சியிலும் சேராதவர் அவர் மட்டும்தான். என் அறைத்தோழன் சிவகாசிக்காரன், புள்ளிவிவரப் பைத்தியம், "டேய் மச்சான், ஒரு கேமுக்கு எத்தனை பாயின்ட் அடிக்கிறோம்னு பாரு, அவ்வளவுதான் கணக்கு" என்பான். டெக்னீஷியன் ஒரு நாள் அவனையும் என்னையும் உட்கார வைத்து, ஒரு காகிதத்தில் ஐந்து வட்டம் வரிசையாகப் போட்டார். பந்தை எடுத்து ஆடும்போது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் ஆஃபென்சிவ் லைன் அது. இரண்டு ஓரத்து வட்டங்களையும் பேனாவால் அழுத்திக் கறுப்பாக்கினார். "லூக் ஜோக்கல், ஜேக் மேத்யூஸ். 2010-இல் முதல் வருடப் பையன்களாக வந்ததிலிருந்து இவர்கள்தான் ஆடுகிறார்கள். இந்த ஐந்து பேர் நவம்பரில் நிற்பார்களா என்று மட்டும் கேளுங்கள்" என்றார்.

அவர் ஏன் நவம்பர் என்றார் என்பதை அட்டவணையைப் பார்த்தால் புரியும். அக்டோபர் 20 எல்எஸ்யூ, 27 ஆபர்ன், நவம்பர் 3 மிசிசிப்பி ஸ்டேட், 10 அலபாமா. இடையில் ஓய்வு வாரம் கிடையாது. கடைசி மூன்றும் வெளியூர். 135 கிலோவைத் தொடுகிற ஆட்கள் ஆட்டத்துக்கு அறுபது எழுபது முறை முட்டுகிற விளையாட்டு இது. முதல் வாரத்தில் யார் வேண்டுமானாலும் சமாளிப்பார்கள். நான்காவது வாரத்தில் முன்வரிசையில் ஒருவனுக்கு முட்டி போனால், அவன் இடத்துக்கு வருகிறவன் யார் என்பதுதான் பெரிய கான்ஃபரன்ஸுக்கும் மற்றதுக்கும் வித்தியாசம். அப்போது ஸ்காலர்ஷிப் 85 பேருக்கு என்று எல்லோருக்கும் ஒரே வரம்பு. அந்த 85-இல் 60-ஆவது ஆள் எப்படிப்பட்டவன் என்பதில்தான் அலபாமா வேறு மாதிரி இருந்தது.

2012 செப்டம்பர் 8. எஸ்இசி-யில் முதல் ஆட்டம், ஃப்ளோரிடாவோடு, சொந்த மைதானத்தில். வெயில் மண்டையைப் பிளந்தது. குவார்ட்டர்பேக்காக வந்த ஜானி மான்சல் என்ற பையனுக்கு அதுதான் முதல் ஆட்டம். ஹாஃப் டைமில் 17-10 என்று நாங்கள் முன்னால். பின்பாதியில் ஒரு பாயின்ட்கூட வரவில்லை, 20-17 என்று தோற்றோம். பழைய வியாதியேதான். வெளியே வரும்போது "சொன்னேனா இல்லையா" என்ற குரல்கள்தான் அதிகம். எல்எஸ்யூவோடும் அதே கதை: 12-0 முன்னிலை, முடிவில் 24-19 தோல்வி.

அப்புறம் ஆபர்னை அவர்கள் ஊரிலேயே 63-21. மிசிசிப்பி ஸ்டேட்டை 38-13. நான்காவது வாரம் அலபாமா, அப்போது நாட்டின் முதலிடம். எங்கள் வீட்டு ஹாலில் பதினைந்து பேர், பாதிப் பேருக்கு விதியே தெரியாது. முதல் கால்பகுதி முடிந்தபோது 20-0 என்று நாங்கள் முன்னால் இருந்ததை யாராலும் நம்ப முடியவில்லை. அலபாமா துரத்தி வந்தது. 29-24, அவர்கள் பந்து, கோட்டுக்குப் பக்கத்தில், நான்காவது டவுன், அதாவது கடைசி முயற்சி. டெஷேஸர் எவரெட் குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடித்தார். மீதி 1 நிமிடம் 36 நொடி. பல்கலைக்கழகப் பக்கத்து ரோட்டில் நள்ளிரவைத் தாண்டியும் ஹார்ன் சத்தம் நிற்கவில்லை.

சீசனுக்குப் பிந்தைய ஆட்டத்தையும் சேர்த்து அந்த வருடம் 11 வெற்றி, 2 தோல்வி. மான்சலுக்கு, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை, முதல் வருட வீரர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. எல்லோரும் மான்சலைப் பற்றிப் பேசினார்கள், பேசத்தான் வேண்டும், அப்படி ஓடிய ஒருவனை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஐந்து வட்டங்களைப் பாருங்கள். ஜோக்கல் 2013 டிராஃப்டில் இரண்டாவது ஆள். மேத்யூஸ் 2014-இல் ஆறாவது. ஓரத்து ஆளுக்கு அடுத்து உள்ளே, கார்டாக ஆடிய செட்ரிக் ஒபுவேஹி 2015-இல் இருபத்தொன்றாவது. ஐந்து பேரில் மூன்று பேர் முதல் ரவுண்டு. டெக்னீஷியன் கறுப்பாக்கியது இரண்டு வட்டம், மூன்றாவதும் கறுப்பாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் "ஜெயிப்போம்" என்றவர்கள் சொன்னதுதான் சரியா? இந்த இடத்தில்தான் பல ரசிகர்கள் தடுமாறுகிறார்கள் என்பது என் கருத்து. முதல் சீசனைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். முதல் சீசன் சொல்வது பழைய கான்ஃபரன்ஸில் சேர்த்து வைத்த ஆட்களைப் பற்றி. புது இடத்தில் வேர் பிடித்ததா என்பது மூன்றாவது, நான்காவது வருடத்தில்தான் தெரியும்.

எங்களோடு அதே நாளில் எஸ்இசி-க்குள் வந்த இன்னொரு அணி மிசூரி. அதே செப்டம்பர் 8 அன்று ஜார்ஜியாவிடம் 41-20 என்று உதை வாங்கியது. அந்த வருடம் மொத்தம் 5 வெற்றி, 7 தோல்வி. நவம்பர் கடைசியில் கைல் ஃபீல்டுக்கு வந்தபோது 59-29 என்று அனுப்பி வைத்தோம். பாவம், தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டார்கள் என்று எங்கள் பகுதியில் பேசிக்கொண்டோம்.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2013 நவம்பர் 30. நான் ஹூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், டிவியில் பார்த்தேன். மிசூரி 28, நாங்கள் 21. அந்த வெற்றியோடு அவர்கள் கிழக்குப் பிரிவை ஜெயித்து அட்லாண்டாவில் எஸ்இசி இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். 2014-இலும் போனார்கள். எதை வைத்து? பந்து எதிரணியிடம் இருக்கும்போது முட்டுகிற டிஃபென்சிவ் லைனை வைத்து. 2013-இல் மைக்கேல் சாம், 2014-இல் ஷேன் ரே, எஸ்இசி-யின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது இரண்டு வருடமும் மிசூரியின் முன்வரிசைக்குப் போனது. இதில் எனக்கு உறுத்துவது, சாம் டெக்சாஸின் ஹிட்ச்காக் ஊர்ப் பையன். கிழக்குப் பிரிவு கொஞ்சம் இளக்கமாக இருந்ததும் உண்மைதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

அந்த 2013-இல் எங்கள் அணி அலபாமாவுக்கு எதிராக 42 பாயின்ட் அடித்துத் தோற்றது, ஆபர்னுக்கு எதிராக 41 அடித்துத் தோற்றது. என் அறைத்தோழனின் கணக்கு அங்கே உடைந்தது. எவ்வளவு அடித்தாலும் தடுக்க முன்வரிசை இல்லை. அடுத்த மூன்று வருடமும் அதே 8 வெற்றி, 5 தோல்வி. ஆள் சேர்ப்பை மட்டும் நம்பியவர்களுக்கும் பாடம் கிடைத்தது. 2015 டிசம்பரில் கைல் ஆலன், கைலர் மரே என்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் ஒரே வாரத்துக்குள் கிளம்பினார்கள். மரே ஓக்லஹோமாவுக்குப் போய் 2018-இல் ஹைஸ்மன் வாங்கினார். 2022-இல் நாட்டிலேயே சிறந்த புது வரவு என்று மதிப்பிடப்பட்ட கூட்டத்தோடு இறங்கி, 5 வெற்றி, 7 தோல்வி. பையன்கள் வருவது ஒன்று, அவர்களை மூன்று வருடம் வைத்துக் கட்டுவது வேறு.

டெக்சாஸும் ஓக்லஹோமாவும் 2024-இல் எஸ்இசி-க்கு வந்தபோது இதே சண்டை திரும்ப நடந்தது. முதல் வருடம் டெக்சாஸ் எஸ்இசி இறுதி ஆட்டம்வரை போய் ஜார்ஜியாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது, ஓக்லஹோமா 6 வெற்றி, 7 தோல்வி என்று விழுந்தது. ஓக்லஹோமா கதை முடிந்தது என்றார்கள். 2025-இல் தேசிய சாம்பியனுக்கான பிளேஆஃபுக்குள் போனது ஓக்லஹோமா, வெளியே நின்றது டெக்சாஸ்.

ஆகவே உங்கள் அணி மாறப் போகிறதென்றால், என்னைக் கேட்டால் மூன்றாம் வருட, நான்காம் வருட லைன்மேன்கள் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். பிறகு அட்டவணையில் இடைவெளி இல்லாமல் வரும் நான்கு வாரத்தைத் தேடுங்கள். குவார்ட்டர்பேக்கைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

எங்கள் அணிக்கு அட்லாண்டா இன்னும் கிடைக்கவில்லை. 2025-இல் 11-0 என்று வந்தார்கள். கடைசி ஆட்டத்தில் டெக்சாஸை ஆஸ்டினில் ஜெயித்திருந்தால் எஸ்இசி இறுதி ஆட்டம் உறுதி. இப்போது நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன், அது இங்கே சனிக்கிழமை காலை. லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்தேன். 27-17, டெக்சாஸ். எஸ்இசி-யில் எங்களுக்குப் பதினான்காவது சீசன் அது. அன்று சாயங்காலம் டெக்னீஷியனுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதிலாக ஒரு படம் வந்தது: ஒரு காகிதம், அதில் ஐந்து வட்டம், 2026-க்கு. இரண்டு மட்டும் கறுப்பு.