கரண்ட் போனால் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் அணைகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனால் ஃபேன், லைட் எல்லாம் ஓடுகின்றன. டெஸ்க்டாப் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) பழுதா?

பதில்: மாற்றக் கிளம்பாதீர்கள். இன்வெர்ட்டரில், பெரும்பாலும் பின்பக்கம், யுபிஎஸ் / நார்மல் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சில மாடல்களில் நார்மலுக்குப் பதில் ஈகோ என்று போட்டிருப்பார்கள். அது எதில் நிற்கிறது என்று பாருங்கள். மின்சாரம் நின்ற பிறகு நல்ல எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் உள்ளதை வைத்துத் தாக்குப்பிடிப்பது, முழு லோடில் சுமார் 17 மில்லிசெகண்ட். யுபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் மாறிவிடும். நார்மலில் 30, 40 மில்லிசெகண்ட் ஆகலாம். அந்த நேரத்தில் ஃபேன் இறக்கை நிற்காது, கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

யுபிஎஸ் மோடில் ஒரு தொல்லையும் உண்டு. அதில் இன்வெர்ட்டர் ஏற்கும் வோல்டேஜ் வரம்பு குறுகல், ஏறத்தாழ 180 முதல் 260 வரை. சாயங்காலமானால் 170-க்கு இறங்கும் தெருவில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்குத் தாவிவிடும். பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறவே ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரை நார்மலில் விட்டு, கம்ப்யூட்டருக்குத் தனியாக 600 விஏ யுபிஎஸ் போடுவதுதான் சரி. 600 விஏ என்றால் 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360தான். உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (சதுர அலை மின்சாரம் தரும்) ரகமாக இருந்தால், யுபிஎஸ் அதை மின்சாரமாகவே மதிக்காமல் தன் பேட்டரியைத் தின்ன ஆரம்பிக்கலாம்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 5 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் 2 டெராபைட் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் மாட்டிப் படம் பார்க்கிறேன். திடீரென டக் டக் என்று சத்தம் வந்து டிஸ்க் காணாமல் போகிறது.

பதில்: போன் சார்ஜரில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பை 5 கேட்பது 5 வோல்டில் 5 ஆம்பியர். 3 ஆம்பியர் சப்ளை என்று தெரிந்தால், நான்கு யுஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 600 மில்லிஆம்பியர்தான் விடும். 5 ஆம்பியர் என்றால் 1.6 ஆம்பியர் வரை விடும். போர்ட்டபிள் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒரு ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். 65 வாட் லேப்டாப் சார்ஜர் இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் 5 வோல்டில் 3 ஆம்பியர்தான் தரும், மீதி பலமெல்லாம் 20 வோல்டில். பை 5-க்கென்றே வரும் 27 வாட் அடாப்டர் வாங்குங்கள், அல்லது தனி பவர் உள்ள யுஎஸ்பி ஹப்பில் டிஸ்க்கை மாட்டுங்கள்.

கேள்வி: 64 ஜிபி பென்டிரைவ் காலியாக இருந்தும் 5 ஜிபி படம் ஏறவில்லை.

பதில்: உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மட்டில் இருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். டிவி அதைப் படிக்காவிட்டால் என்டிஎஃப்எஸ்.

கேள்வி: 2014-ல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்கிறார்கள். தூக்கிப் போடவா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றினாலும் 4 ஜிபியில் நகராது. இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். அதற்கு முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். வேகம் கூடுவது இதில்தான். எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன். பழையது 9.5 ஆக இருந்தால் இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் வையுங்கள், இல்லாவிட்டால் கனெக்டர் ஆடும். ரேம் கூட்டுவதானால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்: அந்தக் காலத்துப் பல மாடல்கள் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும். மின்ட் போட்டதும் வைஃபை தெரியாவிட்டால் பயப்படாதீர்கள். போனை யுஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். கழற்றிய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள்.

கேள்வி: அப்பா பதிவு செய்த வில்லுப்பாட்டு, நாதஸ்வரக் கேசட்டுகள் ஐம்பது இருக்கின்றன. லேப்டாப்பில் ஏற்றினால் மந்தமாக, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். லேப்டாப்பின் மைக் சாக்கெட் பெரும்பாலும் மோனோ. போதாததற்கு மைக் பூஸ்ட் வேறு சேர்ந்து கரகரக்கும். ஸ்டீரியோ லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்டு கார்டு வேண்டும். மைக் படம் மட்டும் போட்ட மலிவு டாங்கிளும் மோனோதான்.

மந்தத்துக்கு முதல் காரணம் அழுக்கு. காது குடையும் பஞ்சில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, டேப்பைப் படிக்கும் ஹெட்டையும் பக்கத்து உலோகத் தண்டையும் பழுப்பு ஒட்டாத வரை துடையுங்கள். கேசட்டுக்குள் டேப்புக்குப் பின்னால் உள்ள சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தாலும் இப்படித்தான் கேட்கும். அதன் பிறகே ஹெட்டின் சாய்வு. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஸ்க்ரூவை, காந்தமில்லாத ஸ்க்ரூடிரைவரால், கேசட் ஓடும்போதே மயிரளவு திருப்புங்கள். ஜால்ரா பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். பதிவு செய்த டேப்ரெக்கார்டர் மாறியிருந்தால் இந்த இடமும் மாறும், அதனால் கேசட்டுக்குக் கேசட் பார்க்க வேண்டும்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ, உச்ச அளவு மைனஸ் 6 டெசிபல். 60 நிமிடக் கேசட் 16 பிட் வேவ் ஃபைலாக 600 எம்பி சொச்சம் வரும். ஃபிளாக் என்ற ஃபைல் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். இரைச்சல் நீக்கத்தை அளவுக்கு மீறிப் போட்டால் உடுக்கை தண்ணீருக்குள் அடிப்பதுபோல் ஆகிவிடும். நீக்காத மூலத்தையும் வைத்திருங்கள்.

கேள்வி: தமிழ்99 கீபோர்டு முறையில் ‘மமதை’ என்று அடித்தால் ‘ம்மதை’ என்று விழுகிறது.

பதில்: பழுதல்ல, விதியே அப்படி. ஒரே மெய்யை அடுத்தடுத்து அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். ‘பக்கம்’ அடிக்கும்போது நடுவில் புள்ளி விசையைத் தொடத் தேவையில்லாதது இதனால்தான். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற இணைகளுக்கும் இதே கதை. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ-வைத் தட்டுங்கள். மமதைக்கு ம, அ, ம, த, ஐ. மப்ளருக்கு ம, அ, ப, புள்ளி, ள, ர, புள்ளி.