கூந்தல் பொருள்களில் எங்கே மிச்சம் பிடிப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள்கள் இருவரும் இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டித்தான் பள்ளிக்குச் செல்ல வேண்டும். ரப்பர் பேண்டு, ஹேர்பின், ரிப்பன், கிளட்ச் கிளிப் என்று தெருமுனைப் பேன்சி ஸ்டோரில் வாரந்தோறும் ஏதாவது வாங்க நேர்கிறது. ஒவ்வொன்றும் பத்து, இருபது ரூபாய்தான். ஆனால் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. வேலூருக்குச் சென்று மொத்தமாக வாங்கிவிடலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: வாங்கலாம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஹேர்பின்னும் கொண்டை ஊசியும் உடைவதைவிடத் தொலைவதே அதிகம் என்பதால், அவற்றை அட்டைக் கணக்கில் வாங்குவதுதான் கட்டுப்படியாகும். வேலூர் லாங் பஜாரில் டஜன் விலைக்கும் சில்லறை விலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டுப் பார்த்து வாங்குங்கள். இதற்கென்றே தனியாகப் பேருந்து ஏறினால் மிச்சமாகும் பணம் பயணத்திற்கே போய்விடும்; வேறு வேலையாக வேலூர் செல்லும் நாளில், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். ஹேர்பின்னை அட்டையிலிருந்து எடுக்கும்போது அதன் இரு முனைகளிலும் சிறு பிளாஸ்டிக் குமிழ்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். குமிழ் உதிர்ந்த ஊசி தலைத்தோலைக் கீறும், முடியையும் அறுக்கும்.

ரிப்பனைத் துண்டு துண்டாக வாங்காமல் சுருளாக வாங்கி, மகள்களின் சடை நீளத்திற்கு நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். நைலான், சாட்டின் ரிப்பன்களின் வெட்டிய ஓரத்தை மெழுகுவத்திச் சுடருக்கு அருகே ஒரு நொடி காட்டினால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு நூல் பிரியாது. பாதி ரிப்பன்கள் வீணாவது ஓரம் பிரிவதால்தான். பருத்தித் துணி ரிப்பன் உருகாமல் எரிந்துவிடும் என்பதால் அதற்கு இம்முறை உதவாது. ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும்.

ரப்பர் பேண்டு விஷயத்தில் மலிவே செலவு. நம் வீடுகளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பது வழக்கம்; இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதித் தளர்ந்துபோகும். அதனுடன் வேலூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலும் சேர்ந்தால், ஜன்னல் ஓரத்தில் கிடக்கும் பேண்டு ஒன்றோடொன்று ஒட்டி இழுத்தவுடன் அறுந்துவிடும். எனவே ஒரு பாக்கெட் வெறும் ரப்பரைவிடத் துணி சுற்றிய எலாஸ்டிக் பேண்டு சிலவற்றை வாங்கி, வாரம் ஒரு முறை சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தினால் அவை நெடுநாள் உழைக்கும். முடியும் அறுபடாது.

கிளட்ச் கிளிப்பில் மட்டும் கை இறுக்கம் வேண்டாம். கடையிலேயே நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள்: மடங்கும் இடத்தில் வெண்கோடு தோன்றினால் அந்தப் பிளாஸ்டிக் விரைவில் அங்கேயே முறியும், ஸ்பிரிங் பிடிப்பில்லாமல் ஆடினாலும் அதை வைத்துவிடுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கடைகளில் மின்னும் கிளிப்புகளைக் கண்டு குழந்தைகள் அடம் பிடிப்பது இயல்பு. ஆளுக்கு ஒன்று வாங்கித் தருவதில் தவறில்லை, ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கான பொருளைத் திருவிழாக் கடையில் தேடாதீர்கள். கடை பெயர்ந்த பிறகு மாற்றித் தர யார் இருப்பார்?

அட்டையிலோ பாக்கெட்டிலோ அடைத்து விற்கப்படும் பொருளில் எண்ணிக்கை, வரிகள் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அந்த விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. குறைத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கூடுதலாக வசூலித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் அளிக்கலாம்.

கேள்வி: தங்கையின் திருமணத்திற்குச் சவுரியும் சடை அலங்காரமும் வேண்டும். உண்மையான முடி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கிறார்கள். எப்படி அறிவது?
– வாசகர், ஆற்காடு

பதில்: சவுரியிலிருந்து ஓர் இழையை, கடைக்காரரின் அனுமதியோடு, உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். மனித முடியானால் கருகிய இறகின் நாற்றம் வரும்; விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். செயற்கை இழையோ உருகிச் சுருண்டு கெட்டியான சிறு மணியாக இறுகிவிடும். சில சவுரிகளில் இரண்டும் கலந்திருக்கும் என்பதால், வேறு வேறு இடங்களிலிருந்து இரண்டு, மூன்று இழைகளைச் சோதிப்பது நல்லது. இந்தச் சோதனைக்கு மறுக்கும் கடையில் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் ஒரு நாள் முகூர்த்தத்திற்கு மனித முடிச் சவுரி தேவைதானா என்பதையும் எண்ணிப் பாருங்கள். பூவும் சடை வில்லைகளும் குஞ்சலமும் மூடிவிடும் இடத்தில் நிறம் பொருந்திய செயற்கைச் சவுரியே போதும். மணமகள் பிற்பாடும் அடிக்கடி வைத்துக்கொள்வார் என்றால் மட்டும் மனித முடியில் வாங்குங்கள். ராக்கொடி, சடைநாகம் போன்றவற்றை விலைக்கு வாங்குவதைவிட மணப்பெண் நகைகளை வாடகைக்குத் தருவோரிடம் எடுப்பதே நல்லது. எடுக்கும்போது கல் விழுந்த இடங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து அவர்களிடமும் காட்டிவிட்டால், திருப்பிக் கொடுக்கும் நாளில் முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள இடமிருக்காது.

கேள்வி: இணையத்தில் நூறு பொருள் கொண்ட தொகுப்பு மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
– விடுதி மாணவி, காட்பாடி

பதில்: அந்த நூறில் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் பொருள்களை மட்டும் எண்ணி, அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்த மொத்த விலையை அந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 300 ரூபாய்த் தொகுப்பில் உங்களுக்கு ஆகக்கூடியவை இருபதுதான் என்றால் ஒன்றின் விலை 3 ரூபாய் அல்ல, 15 ரூபாய். அதே பொருளைக் கடையில் கையால் அழுத்திப் பார்த்து அதற்கும் குறைவாக வாங்க முடிந்தால், தொகுப்பை விட்டுவிடுங்கள். விடுதித் தோழியர் நால்வர் சேர்ந்து பகிர்ந்துகொள்வதானால் கணக்கு மாறும். அப்போது வாங்கலாம், சீப்பைத் தவிர. சீப்பு ஆளுக்கொன்று தனியாகவே இருக்கட்டும். பேன் மருந்துக்கும் காசுதான்.