வாசகர் கேள்வி – பதில்: முன் பம்பரும் ஹெட்லைட்டும்

கேள்வி: என்னிடம் 2013ஆம் ஆண்டு மாருதி ஸ்விஃப்ட் இருக்கிறது. இடப்பக்க ஹெட்லைட்டின் முகப்பு மஞ்சள் பூத்து, ஓரத்தில் விரிசலும் கண்டுவிட்டது. புதிய விளக்கு வாங்கி வைத்திருக்கிறேன். போனட்டைத் திறந்து மேலே தெரியும் போல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் பழைய விளக்கு அசையவில்லை. முன் பம்பரைக் கழற்றினால்தான் வெளியே வரும் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். இந்த வேலையை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவர் சொன்னது சரிதான். விளக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒன்று பம்பரின் மூலைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. விளக்கின் கீழ் விளிம்பையும் பம்பரே மூடியிருக்கிறது. ஆகவே பம்பர் விலகாமல் விளக்கு முன்னே வராது. மேல் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டோமே என்று விளக்கைப் பிடித்து இழுத்தால் அதன் காதுகள் முறியும் என்பதால், அந்த இடத்தில் நீங்கள் நிறுத்திக்கொண்டது நல்லது. பல்பு மட்டும் போயிருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. போனட்டைத் திறந்து, விளக்கின் பின்புறம் உள்ள ரப்பர் மூடியை நீக்கி, கையை விட்டே மாற்றிவிடலாம். உங்களுக்கு மாற்ற வேண்டியது முழு விளக்கு என்பதால் பம்பரைக் கழற்றியே ஆக வேண்டும். சமதளமான நிழலிடமும், அரை நாள் அவகாசமும், உதவிக்கு இன்னொருவரும் இருந்தால் இதை வீட்டில் தாராளமாகச் செய்யலாம்.

பம்பர் என்று நாம் சொல்வது வெளியே தெரியும் பிளாஸ்டிக் உறையைத்தான். மோதலைத் தாங்கும் உலோகச் சட்டம் அதற்குள்ளே காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை. உறை அதிகக் கனமில்லை என்றாலும் காரின் முழு அகலத்துக்கும் நீண்டு, நடுவில் தொய்ந்து வளையக்கூடியது. ஒருவரே தூக்கினால் ஒரு மூலை தரையில் உரசிப் பெயின்ட் போகும். இரண்டாம் ஆள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

10 மில்லிமீட்டர் சாக்கெட், ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர், கிளிப்புகளை நெம்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் நெம்புகோல், ஓவியர்கள் பயன்படுத்தும் காகித டேப், ஒரு பழைய போர்வை ஆகியவை போதும். கழற்றும் திருகுகளையும் கிளிப்புகளையும் ஒரே கிண்ணத்தில் கொட்டாமல், முட்டை அட்டையின் குழிகளில் எடுத்த வரிசைப்படி போட்டு வையுங்கள். ஒன்றுபோலத் தெரியும் திருகுகளில் ஒன்று நீளமாகவும் இன்னொன்று குட்டையாகவும் இருக்கும். குட்டைத் திருகின் இடத்தில் நீளமானதை முடுக்கினால் பின்னால் இருக்கும் பாகத்தைக் குத்திவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ஐந்து நிமிடமாவது காத்திருப்பது. ஏர்பேக் உள்ள கார்களில் மோதலை உணரும் சென்சார் பெரும்பாலும் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தின் அருகில் இருக்கும். அதன் பக்கத்தில் கருவிகளோடு கை போகப்போகிறது; பேட்டரியை இணைத்தபடி வேலை செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

பிறகு, பம்பரின் மூலை ஃபெண்டரை, அதாவது முன்சக்கரத்துக்கு மேலே உள்ள பக்கத் தகட்டை, தொடும் கோட்டுக்கு மேலே, ஃபெண்டரின் பெயின்ட் மீது காகித டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பம்பர் விலகும்போதும் திரும்பப் பொருந்தும்போதும் கீறல் விழுவது இந்த இடத்தில்தான். போனட்டைத் திறந்தால் கிரில்லின் மேல் விளிம்பு நெடுகிலும் கிளிப்புகளும் திருகுகளும் தெரியும். கிளிப்பின் நடுவில் இருக்கும் குமிழை முதலில் நெம்பி உயர்த்திய பிறகுதான் முழு கிளிப்பையும் இழுக்க வேண்டும். சில வகைக் கிளிப்புகளில் குமிழை உள்ளே அழுத்தினால் பிடி விடும். எந்த வகை என்று பார்க்காமல் இழுத்தால் தலை ஒடிந்து கையோடு வரும். பழைய காரில் இரண்டு மூன்று கிளிப்புகள் எப்படியும் உடையும் என்பதால், வேலை தொடங்குமுன்பே உதிரிபாகக் கடையில் அதே அளவில் ஒரு பத்து கிளிப்புகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சக்கரப் பக்கம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறையும், அது பம்பரோடு சேரும் இடத்துத் திருகுகளும் எட்டும். உறையின் முனையைச் சற்று விலக்கி, பம்பரையும் ஃபெண்டரையும் சேர்க்கும் திருகு உள்ளே மேல்நோக்கி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மண்ணும் துருவும் மூடி, கண்ணில் படாமல் இருக்கும் திருகு இதுதான். பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக ஒரு பம்பரைக் கழற்றியபோது இந்த ஒரு திருகைப் பார்க்காமல் இழுத்து, ஃபெண்டரில் இருக்கும் பிராக்கெட்டை முறித்துவிட்டேன். பம்பர் வரவில்லை என்றால் இன்னும் ஒரு திருகு மிச்சமிருக்கிறது என்றுதான் பொருள். பலத்தைக் கூட்டாமல் டார்ச்சை எடுத்துத் தேடுங்கள். கடைசியாக, காரின் அடிப்பக்கம் உள்ள கிளிப்புகள். இவற்றைத் தரையில் படுத்துக் கைநீட்டியே பெரும்பாலும் எடுத்துவிடலாம். காரை உயர்த்தத்தான் வேண்டும் என்றால் தாங்கிகளை வைத்து நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் தலையை விடாதீர்கள்.

இனி ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு, சக்கரக் குழியை ஒட்டிய மூலையைப் பிடித்து முதலில் வெளிப்பக்கமாக, அதாவது காரின் பக்கவாட்டில், இழுக்க வேண்டும். ஃபெண்டரை ஒட்டியுள்ள பிராக்கெட்டின் பற்களிலிருந்து பம்பர் ஒவ்வொன்றாக விடுபடும் ஓசை கேட்கும். இரு மூலைகளும் விடுபட்ட பிறகே முன்னோக்கி இழுக்க வேண்டும். ஒரு சாண் தூரம் வந்ததும் நிறுத்திவிட்டு உள்ளே பாருங்கள். ஃபாக் லைட் இருந்தால் அதன் வயர்கள் பம்பரோடு வரும். இணைப்பின் பூட்டை அழுத்திக் கழற்றிய பிறகு பம்பரைப் போர்வையின் மீது முகம் மேலாக வையுங்கள். குளிரில் பிளாஸ்டிக் விறைத்து எளிதில் ஒடியும். உங்கள் ஊரில் இது பெரிய கவலையில்லை; கொடைக்கானல், ஊட்டி வாசகர்கள் விடியற்காலையில் தொடங்காமல் வெயில் ஏறிய பிறகு தொடங்கலாம்.

புதிய விளக்கைப் பூட்டுமுன் பழையதன் அருகில் வைத்து, காதுகளும் இணைப்புகளும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இந்தக் காரில் இருப்பது ஹெச்4 வகை பல்பு; அதில் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு இழைகள் உள்ளன. பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது; விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அளவு மீறிச் சூடேறி, பல்பின் ஆயுள் குறையும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். கழற்றிய வயர்களையெல்லாம் இணைத்தபின் பேட்டரியையும் இணைத்து, பம்பரை மாட்டுவதற்கு முன்பே டிம், பிரைட், பார்க்கிங் விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மாட்டியபின் எரியவில்லை என்றால் முழு வேலையையும் இன்னொரு முறை செய்ய நேரும். திரும்பப் பூட்டும்போது எல்லாத் திருகுகளையும் கையால் பாதியளவு முடுக்கி, போனட்டை மெல்ல இறக்கி இடைவெளிகள் சீராக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள்.

கேள்வி: ஹெட்லைட்டை மாற்றியதிலிருந்து இரவில் எதிரே வருபவர்கள் விளக்கைச் சிமிட்டி என்னை டிம் செய்யச் சொல்கிறார்கள். நான் டிம்மில்தான் ஓட்டுகிறேன். என்ன கோளாறு?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: விளக்கின் நோக்கு உயர்ந்திருக்கிறது. புது விளக்கைப் பூட்டினால் அதன் ஒளி எங்கே விழுகிறது என்று சரிபார்த்தே ஆக வேண்டும். பட்டறைகளிலும் இதை விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவருக்குச் சில நொடிகள் சாலையே தெரியாமல் போகும்.

டயர்களில் சரியான காற்றும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இருக்க, சமதளத்தில் ஒரு சுவரிலிருந்து விளக்கு 5 மீட்டர் தள்ளி இருக்கும்படி காரை நேராக நிறுத்துங்கள். டாஷ்போர்டில் விளக்கின் உயரத்தை மாற்றும் உருளை இருந்தால் அதைப் பூஜ்யத்தில் வையுங்கள். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு ஒட்டுங்கள். விளக்கின் மேலோ போனட்டின் அடியிலோ சரிவு எவ்வளவு என்பது சதவீதத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 1 சதவீதம் என்றால், 5 மீட்டரில் டிம் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விளக்கின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

சுவரில் விழும் ஒளியின் வடிவத்தையும் கவனியுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் செல்பவர்கள் என்பதால், மேல் விளிம்பு வலப்பக்கம் கிடையாகவும் இடப்பக்கம் சற்று ஏறியும் இருக்க வேண்டும். சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டவும், எதிரே வருபவர் கண்ணைக் கூசாமல் காக்கவும் அமைந்த வடிவம் அது. வலப்பக்கம் ஏறியிருந்தால், உங்களுக்குக் கிடைத்திருப்பது வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கான விளக்கு. எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பம்பரைக் கழற்றுவதுதான் கழற்றுகிறோம், அதோடு 100/90 வாட் பல்பு அல்லது எல்இடி பல்பு போட்டுவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். 12 வோல்ட்டில் 60 வாட் இழை 5 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். 100 வாட் இழை 8 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். முதல் அளவுக்காகச் செய்யப்பட்ட வயரும் ஹோல்டரும் இரண்டாவதைத் தாங்காமல் உருகும். உருகிக் கருகிய ஹோல்டர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்இடி பல்பில் கோளாறு வேறு வகையானது. ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான், மெல்லிய இழை இருக்கும் புள்ளியைக் கணக்கிட்டு வார்க்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் மாறினால் ஒளி சிதறி, எதிரே வருபவரின் கண்ணில் விழும். காரின் அருகே பளிச்சென்று தெரிவதால் ஓட்டுபவருக்கு நன்றாக இருப்பதுபோல் தோன்றும். தூரத்துக் குழி தெரியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். இப்போதைய வெளிச்சம் போதவில்லை என்றால், பல்புகள் பழையனவா, எர்த் வயரின் முனை துருவேறியிருக்கிறதா, முகப்பு மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறை பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஃபாக் லைட் பல்பை மாற்றவும் பம்பரைக் கழற்ற வேண்டுமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலான கார்களில் வேண்டாம். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, சக்கரக் குழி உறையின் முன்பகுதித் திருகுகளை மட்டும் எடுத்து, உறையை மடக்கினால் கை உள்ளே போகும். பல்பைத் திருகினாற்போல் கால்வட்டம் திருப்பினால் வெளியே வந்துவிடும். விளக்கு சற்றுமுன் எரிந்திருந்தால் ஆறவிட்டுத் தொடுங்கள்.

கேள்வி: சிறு மோதலில் பம்பர் கீறி, ஹெட்லைட்டின் காது உடைந்தது. என் கார் 2024ஆம் ஆண்டு வாங்கியது. முன்னே ரேடார் உள்ள மாடல். நானே கழற்றி மாற்றலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டு காரணங்களுக்காக வேண்டாம் என்கிறேன். முன்னே செல்லும் வாகனத்தின் தூரத்தை அளக்கும் ரேடார், கிரில் அல்லது பம்பர் பகுதியில்தான் இருக்கும். அதன் கோணம் சிறிது மாறினாலும் தானியங்கி பிரேக் தவறாகக் கணிக்கக்கூடும். பம்பரைக் கழற்றி மாட்டிய பிறகு அதற்குரிய கருவியைக் கொண்டு அளவீட்டைச் சரிபார்க்க வேண்டும், அது வீட்டில் நடக்காது. அடுத்தது காப்பீடு. இழப்பீடு கேட்கும் எண்ணம் இருந்தால் நிறுவனத்துக்குத் தகவல் தந்து, சர்வேயர் பார்க்கும்வரை எதையும் கழற்றாமல் விடுங்கள். உடைந்த காதினால் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும் என்பதால், அதுவரை இரவில் ஓட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள்.