உறை பிரிக்காத இரண்டாவது கைப்பிடி

கேள்வி: 74 வயதான என் தாயாருக்கு ஆரம்பநிலை மறதிநோய் என்று வைத்தியர் கூறியுள்ளார். தொலைக்காட்சியில் பொருத்தி, உடலை அசைத்து விளையாடும் கருவி ஒன்றை ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அனுப்பினார். இயன்மருத்துவர் ஒருவர் கிழமைக்கு ஒரு தடவை காணொளியில் வந்து பயிற்சியைக் கவனிக்கிறார். கருவியுடன் இரண்டு கைப்பிடிகள் வந்தன. ஒன்று பழுதானால் உதவும் என்று மற்றதை உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறோம். முதல் மாதம் உற்சாகமாக விளையாடிய அம்மா, இப்போது ஐந்தே நிமிடத்தில் எழுந்து விறாந்தைக்குப் போய்விடுகிறார். பலூன் வெடிக்கும் விளையாட்டைக் கண்டாலே காதைப் பொத்துகிறார். புள்ளிகளைக் கைபேசியில் பார்க்கும் அண்ணா என்னைக் குறைசொல்கிறார். இதைவிட நல்ல கருவி இருப்பதாகத் தரம் 9இல் படிக்கும் என் மகன் சொல்கிறான். வாங்கலாமா?
– ஆசிரியர் ஒருவர், விசுவமடு

பதில்: வாங்க வேண்டாம். இருக்கும் கருவியிலேயே பாதிதான் இதுவரை பயன்பட்டிருக்கிறது. மறுபாதி உங்கள் அலுமாரியில் கிடக்கிறது. அண்ணாவின் கோபத்தையும் மகனின் யோசனையையும் எழுதிய நீங்கள், அம்மாவுடன் யார் விளையாடுகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அந்த இரண்டாவது கைப்பிடி உதிரிப்பாகம் அல்ல, தம்பி. இன்னொருவர் பிடிப்பதற்காக வந்தது. தாயக்கட்டையைத் தனியே உருட்டிக்கொண்டு பின்னேரம் முழுவதும் இருந்த கிழவி ஒருவரை உங்கள் ஊரில் எவரேனும் கண்டதுண்டா?

வெளிநாட்டில் இருப்பவர் பொருளை அனுப்புவதும், ஊரில் இருப்பவர் அதைப் பொருத்திக் கொடுப்பதும், அத்துடன் தத்தம் கடமை தீர்ந்தது என்று இருவரும் எண்ணிக்கொள்வதும், பின்னர் புள்ளி குறைந்ததற்கு ஒருவரையொருவர் நோவதுமாக எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்துவிட்டன. பெற்றவளுக்குச் செய்யும் கடமையைப் பொதியில் அனுப்பவும் முடியாது, மின்செருகியில் மாட்டவும் முடியாது என்பதே என் எண்ணம்.

மறதிநோயின் தொடக்கத்தில் பெயர்களும் நாட்களும் மட்டும் நழுவுவதில்லை. ஒரு காரியத்தைத் தானாகத் தொடங்கி விடாமல் செய்யும் உந்துதலும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. அதைப் பிடிவாதம் என்று கொள்ளாதீர்கள். திரையில் நிறத்தைப் பார்த்து, இடமா வலமா என்று தீர்மானித்து, அந்தப் பக்கம் காலை எடுத்து வைப்பது மூளைக்கும் உடலுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கும் வேலை. இப்பயிற்சியின் பயனே அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி பேசுவது பெரும்பாலும் ஆங்கிலமாகத்தான் இருக்கும். "அம்மா, இப்ப வலது கால்" என்று பக்கத்தில் நின்று சொல்லவும், தன் காலைத் தூக்கிக் காட்டவும் ஓர் ஆள் இல்லாவிட்டால், அவர் விறாந்தைக்குப் போகாமல் வேறென்ன செய்வார்?

இவ்வகை விளையாட்டுகள் நோயை நிறுத்திவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். உடற்சமநிலைக்கும் கவனத்திற்கும் ஓரளவு நன்மை இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன; முடிவுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. முதியோர் கிழமைக்கு 3 நாட்களாவது சமநிலைக்கும் வலுவுக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியது. மறதிநோய்க்கு வழிகோலும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளை லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் வரிசைப்படுத்தியபோது, உடலசைவின்மையுடன் தனிமையையும் செவிப்புலன் குறைபாட்டையும் அதே பட்டியலில் வைத்தது. உங்கள் வீட்டிலோ முதலாவதைத் தீர்ப்பதற்கென்று வந்த கருவியைக் கொண்டே இரண்டாவதை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பலூன் விளையாட்டை இன்றே நீக்கிவிடுங்கள். 2009இல் வன்னியில் இருந்த ஒரு பெண் வெடிச்சத்தத்துக்கு ஏன் காதைப் பொத்துகிறார் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மகனுக்கு நல்ல கருவிகள் தெரியும் என்றால் விளையாடவும் தெரியும். இரண்டாவது கைப்பிடியை அவனிடம் கொடுங்கள். பாடசாலை நாட்களில் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அவன் அப்பம்மாவுடன் கால்மணி நேரம் நிற்கட்டும், வேண்டுமென்றே சில தடவை தோற்கட்டும். அவர் தடுமாறினால் பிடிக்கக்கூடிய தூரத்தில் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். பாயையும் கால்மிதியையும் எடுத்துவிட்டு, அசையாத கதிரை ஒன்றை அவருக்குப் பின்னால் சுவரோடு போடுங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவராயின், தலைச்சுற்று வருகிறதா என்று இயன்மருத்துவரிடமும் வைத்தியரிடமும் சொல்லிவையுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் மறதிநோய் என்று விட்டுவிடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கிருமித்தொற்றும் பக்கவாதமும் அப்படி வெளிப்படலாம்.

அண்ணாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கோடையில் விசுவமடுவில் காலை 7 மணி ஆகும்போது ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 9.30. சனி, ஞாயிறு காலைகளில் விளையாட்டை அந்நேரத்துக்கு வைத்து, புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காணொளியில் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். புதிய கருவிக்கென்று ஒதுக்கிய பணத்தில் அம்மாவின் செவிப்புலனைப் பரிசோதியுங்கள். தேவையென்றால் காதுக்கருவிக்கு மீதியை அண்ணா தரட்டும்.